சாயமும் மருந்தும்: புணே தேசிய வேதியியல் ஆய்வகத்தில் ஓர் ஆய்வு மரபு

இந்தியாவில் புற்றுநோய் மருத்துவத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர், மும்பையில் 1941ஆம் ஆண்டு தோன்றிய டாட்டா நினைவு மருத்துவமனையையும், சென்னை அடையாற்றில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற புற்றுநோய் நிலையத்தையும் முதற்கண் குறிப்பிடுவர். அது முறையே. நோயாளரை ஏற்றுப் பேணியவை அவ்விடங்களே. ஆயின் அங்குப் பயன்பட்ட மருந்துகள் எங்கிருந்து வந்தன, அவற்றை இந்நாட்டிலேயே ஆக்கும் திறன் எவ்வாறு உருவாயிற்று என்று வினவினால், விடை மருத்துவமனையை விட்டு வெளியேறித் தொழில் வேதியியலுக்குள், அதிலும் துணிக்கு நிறமேற்றும் சாயங்களின் வேதியியலுக்குள் இட்டுச்செல்கிறது. அவ்விடையின் பெரும்பகுதி புணே நகரில், பாஷாண் சாலையில் அமைந்துள்ள தேசிய வேதியியல் ஆய்வகத்தில் கிடைக்கிறது. அந்த ஆய்வகத்தின் முதல் இந்திய இயக்குநர் சென்னையில் பிறந்தவர். சாய வேதியியலில் உலகறிந்த பெயர் பெற்றவர். அவர் கிருஷ்ணசாமி வெங்கடராமன் (1901–1981).

தமிழில் எழுதப்பெறும் அறிவியலறிஞர் வரலாறுகள் பெரிதும் இராமானுஜன், சி.வி. இராமன், சந்திரசேகர் என்னும் மூவரைச் சுற்றியே அமைகின்றன. கோட்பாடு கண்டவர் வரலாற்றில் இடம்பெறுவதும், ஒரு பொருளை ஆக்கும் வழி கண்டவர் இடம்பெறாமற் போவதும் நம் அறிவியல் வரலாற்றெழுத்தின் குறை என்றே கொள்ளவேண்டும். வெங்கடராமனும் அவர்வழி வந்தோரும் இரண்டாம் வகையினர். சாயத்தை ஆராய்ந்த ஒரு மரபு புற்றுநோய் மருந்தாக்கத்திற்கு எவ்வாறு அடித்தளமாயிற்று என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

சாயவேரும் செயற்கைச் சாயமும்

சோழமண்டலக் கடற்கரையின் துணிகள் உலகச் சந்தையில் பெற்ற மதிப்பிற்கு அவற்றின் சிவப்பு நிறம் ஒரு முதன்மைக் காரணம். வெளுத்தாலும் மங்காத அச்சிவப்பு, மணற்பாங்கான கடலோர நிலத்தில் விளையும் சாயவேர் என்னும் சிறு செடியின் வேரிலிருந்து பெறப்பட்டது. இம்பூறல் என்பதும் அச்செடிக்கு வழங்கும் பெயர். ஈழத்தில் ஒல்லாந்தர் ஆட்சியின்போது யாழ்ப்பாணம், மன்னார்ப் பகுதிகளில் சாயவேர் அகழ்தல் அரசின் வருவாய்க்குரிய தொழிலாக இருந்ததிலிருந்து அதன் விலைமதிப்பை உணரலாம். அவ்வேரின் நிறப்பொருள் அலிசரின். ஐரோப்பாவில் மஞ்சிட்டி இனச் செடியின் வேரிலிருந்து பெற்றதும் அதே அலிசரினே. மூன்று வளையங்கள் ஒரே தளத்தில் அடுத்தடுத்து இணைந்த ஆந்த்ரகுயினோன் என்னும் கட்டமைப்பு அலிசரினின் உள்ளே இருக்கிறது. இக்கட்டமைப்பின் பெயரை நினைவிற் கொள்ளுதல் வேண்டும். பின்னர் இது மருந்தின் உருவில் மீண்டும் வருகிறது.

1868இல் கிரேபே, லீபர்மான் என்னும் ஜெர்மானியர் இருவர் நிலக்கரித் தாரிலிருந்து பெற்ற பொருளைக்கொண்டு அலிசரினைச் செயற்கையாக ஆக்கினர். அடுத்த சில ஆண்டுகளிலேயே தொழிற்சாலைச் சிவப்பு சந்தைக்கு வந்தது. 1897இல் செயற்கை நீலமும் வந்தபோது அவுரிக்கும் அதே கதி நேர்ந்தது. சாயவேர் அகழ்ந்தவர்களும் அவுரி பயிரிட்டவர்களும் ஒரு தலைமுறைக்குள் தம் சந்தையை இழந்தனர். இந்தியாவின் நவீன வேதியியல் தொடர்பு இவ்விழப்பிலிருந்தே தொடங்குகிறது எனல் மிகையன்று.

சாயத்துக்கும் மருந்துக்கும் உள்ள உறவு தொடக்கத்திலேயே ஏற்பட்டதாகும். 1856இல் பதினெட்டு வயதினரான வில்லியம் பெர்க்கின் தேடியது சாயத்தையன்று. மலேரியாக் காய்ச்சலுக்குரிய குயினைனை. அவருக்குக் கிடைத்தது ஊதாச் சாயம். எதிர்த்திசையிலும் இப்பயணம் நிகழ்ந்தது. சில சாயங்கள் உடலின் சில இழைகளில் மட்டும் பற்றுகின்றன என்பதைக் கண்ட பவுல் எர்லிக், நோய்க்கிருமியை மட்டும் பற்றி அழிக்கும் சாயமும் இருத்தல் கூடும் எனக் கருதினார்; 1891இல் மெத்திலீன் நீலத்தை மலேரியா நோயாளருக்குக் கொடுத்துப் பார்த்தார். வேதிமருத்துவம் என்று இன்று வழங்கும் சொல்லின் மூலச்சொல்லை ஆக்கியவரும் அவரே. 1935இல் டோமாக் வெளியிட்ட புரோன்டோசில் என்னும் மருந்து ஒரு சிவப்புச் சாயம். அது உடலுக்குள் பிளவுற்றுத் தரும் நிறமற்ற பகுதியே கிருமியைத் தடுக்கிறது என்று பாரிசுப் பாஸ்டர் நிறுவனத்தார் அவ்வாண்டே காட்டினர். ஐரோப்பாவின் பெரிய மருந்து நிறுவனங்கள் பலவும் முதலில் சாயத் தொழிற்சாலைகளாக இருந்தவை. கரிம மூலக்கூறுகளைப் பிளக்கவும் கோக்கவும் கற்ற கைகள் அங்கு இருந்தமையே அதற்குக் காரணம்.

சென்னையிலிருந்து புணே வரை

வெங்கடராமன் சென்னைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் பயின்று, மான்செஸ்டர் சென்று சாய வேதியியலைக் கற்றார். அங்கு அவருக்கு வாய்த்த ஆசிரியர் இராபர்ட் இராபின்சன். தாவரங்களின் நிறப்பொருள்களையும் காரப்போலிகளையும் ஆராய்ந்து 1947இல் நோபல் பரிசு பெற்ற அறிஞர் அவர். இயற்கை நிறப்பொருளின் கட்டமைப்பைக் கண்டறிதல், அதனைப் படிப்படியாகத் தொகுத்துக் காட்டுதல் என்னும் இரண்டும் இராபின்சன் பள்ளியின் பயிற்சி. வெங்கடராமன் நாடு திரும்பி இலாகூர் போர்மன் கிறித்தவக் கல்லூரியில் பணியாற்றியபோது, பூக்களின் மஞ்சள் நிறத்துக்குக் காரணமான பிளேவோன்களை ஆக்கும் ஒரு வினையைக் கண்டறிந்தார். ஏறத்தாழ அதே காலத்தில், 1933–34இல், இங்கிலாந்தில் வில்சன் பேக்கரும் அதனைத் தனியே கண்டார். பேக்கர்–வெங்கடராமன் மாற்றம் என்னும் பெயரால் அவ்வினை இன்றும் உலகின் கரிமவேதியியல் பாடநூல்களில் இடம்பெறுகிறது. வசதி குறைந்த ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்திலிருந்து அப்பெயர் சென்றது என்பது கருதத்தக்கது.

1934இல் அவர் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் வேதித் தொழில்நுட்பத் துறைக்கு வந்தார். 1938இல் அதன் தலைமையை ஏற்றார். பம்பாயும் அகமதாபாதும் நெசவாலைகளின் நகரங்கள். ஆலைகளுக்கு வேண்டிய சாயமோ கடல்கடந்து வந்தது. அத்துறையில் பயின்ற மாணவர்களே பின்னர் மேற்கு இந்தியாவில் சாயத் தொழிற்சாலைகளையும் மருந்துத் தொழிற்சாலைகளையும் அமைத்தனர். சிலர் அங்கு வேதியியலராயினர். 1952இல் நியூயார்க்கில் வெளிவந்த அவரது செயற்கைச் சாயங்களின் வேதியியல் பற்றிய இரு தொகுதிகள் அத்துறையில் உலகெங்கும் மேற்கோளாக ஆளப்பட்டன. இரண்டாம் உலகப்போரில் ஜெர்மனி தோற்றபின் அந்நாட்டுச் சாயத் தொழிற்சாலைகளின் செயல்முறைகளை நேசநாட்டுக் குழுக்கள் ஆராய்ந்து அறிக்கைகளாக வெளியிட்டன. முக்கால் நூற்றாண்டாகப் பூட்டிவைக்கப்பட்டிருந்த தொழில் மறைபொருள் அவ்வறிக்கைகளில் சிதறிக் கிடந்தது. அதனைத் திரட்டி, ஒழுங்குபடுத்தி, வேதியியல் நெறிப்படி விளக்கியமை அந்நூலின் சிறப்புகளுள் ஒன்றாகும். அந்நூல்வரிசை 1978க்குள் எட்டுத் தொகுதிகளாக வளர்ந்தது.

புணே ஆய்வகத்திற்கு 1947 ஏப்ரல் 6ஆம் நாள் பம்பாய் மாகாண முதல்வர் பி.ஜி. கேர் அடிக்கல் நாட்டினார். 1950 சனவரி 3ஆம் நாள் பிரதமர் நேரு அதனைத் திறந்துவைத்தார். முதல் இயக்குநர் மக்பெயின், இரண்டாமவர் ஜார்ஜ் பின்ச், இருவரும் வெளிநாட்டினர். பின்ச் 1922ஆம் ஆண்டு எவரெஸ்டு பயணத்தில் ஆக்சிசன் உருளையைச் சுமந்து 8,300 மீட்டருக்கும் மேலே சென்றவர். வேதியியலாளரைவிட மலையேறுநராகவே பலருக்கு அறிமுகமானவர். 1957இல் வெங்கடராமன் இயக்குநரானார். 1966 வரை அப்பொறுப்பில் இருந்தார். 1961இல் பத்மபூஷண் விருது பெற்றார். அவருக்குப்பின் வந்த பி.டி. திலக் அவரது மாணவர். பின்னர் எல்.கே. துரைசாமி (1978–89), சென்னை இலயோலாக் கல்லூரியில் பயின்ற பால் இரத்தினசாமி (1995–2002), சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பயின்ற சா. சிவராம் (2002–2010) ஆகியோரும் அவ்விருக்கையில் அமர்ந்தனர். வேதிவினைப் பொறியியல், வினையூக்கிகள், பல்லுறுப்பிகள் என ஆய்வகத்தின் நாட்டம் அவர்கள் காலத்தில் விரிந்தது. அது தனியே எழுதத்தக்கது.

இயக்குநர் பணிக்கிடையிலும் வெங்கடராமன் தம் ஆய்வுக்குழுவைக் கைவிடவில்லை. குழுவினர் எடுத்துக்கொண்ட பொருள்கள் இம்மண்ணுக்கு உரியவை. ஒன்று பலாமரம். அதன் வைரப்பகுதி தரும் மஞ்சள் நிறம் ஈழத்திலும் பர்மாவிலும் பௌத்தத் துறவியரின் ஆடைக்கு ஏற்றப்பட்டு வந்தது. அந்நிறத்தின் உட்கூறுகளைப் பிரித்துக் கட்டமைப்புக் கண்டதோடு, அக்கூறுகளைக்கொண்டு பலா, முசுக்கொட்டை முதலிய மரங்களின் குடும்ப உறவையும் விளக்கினர். மற்றொன்று அரக்கு. அரக்குப் பூச்சியின் சிவப்புச் சாயம், செயற்கைச் சாயம் வந்தபின் அரக்கைக் கழுவும் நீரோடு வீணே போய்க்கொண்டிருந்தது. அதிலுள்ள லாக்காயிக் அமிலங்களின் கட்டமைப்பை 1960களில் இக்குழு தெளிவுபடுத்திற்று. அவையும் ஆந்த்ரகுயினோன்களே. அரக்குச் சாயம் குறித்த கட்டுரைகளில் வெங்கடராமனுடன் இணைந்து காணப்படும் பெயர்களுள் ஒன்று ஏ.வி. இராமராவ். குண்டூரிலிருந்து வந்து, பம்பாயில் பயின்று, புணேயில் வெங்கடராமனிடம் முனைவர் பட்ட ஆய்வு செய்தவர் அவர். மருந்தை நோக்கித் திரும்பியது இம்மாணவரின் வழியே என்பதால் இப்பெயர் இன்றியமையாதது.

நோய் தந்த சாயம்

சாயம் நோயையும் தந்தது. 1895இல் பிராங்க்பர்ட் நகர அறுவை மருத்துவர் லுட்விக் ரேன், சிவப்புச் சாயத் தொழிற்சாலை ஒன்றில் பணிபுரிந்தோரிடையே சிறுநீர்ப்பைப் புற்று மிகுந்திருப்பதைக் கண்டு அறிவித்தார். அவர் அனிலினைக் காரணமாகக் கருதினார். உண்மைக் காரணம் இரு-நாப்தைலமின், பென்சிடின் போன்ற அமின்கள் என்பது தெளிவாகப் பல பத்தாண்டுகள் ஆயின. வேதிப்பொருளால் புற்று உண்டாகிறது என்னும் புற்றுநோய் உயிரியலின் அடிப்படைக் கருத்து இவ்வாறு சாயப்பட்டறைத் தொழிலாளரின் உடல்வழியாகவும் வந்ததாகும். பாடநூல்களில் இஃது ஒரு வரியாகச் சுருங்கிவிடுகிறது. அவ்வொரு வரிக்குப் பின்னுள்ள உயிர்கள் எத்தனை என்பதை எவரும் முறையாக எண்ணி வைத்ததாகத் தெரியவில்லை.

இந்தியாவில் இதன் எதிரொலி காலந்தாழ்ந்து கேட்டது. பென்சிடின் வகைச் சாயங்களைத் துணியிலும் தோலிலும் தடைசெய்யும் ஆணையை ஜெர்மனி 1994இல் பிறப்பித்தபோது, ஏற்றுமதியை நம்பியிருந்த திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலும் ஆம்பூர், வாணியம்பாடித் தோல் தொழிலும் பெருங்கலக்கமுற்றன. இந்திய அரசு 1997இல் 112 சாயங்களைக் கையாளுதலைத் தடைசெய்தது. வாங்குவோரின் நாடு விதித்த தடை வந்தபின்னரே ஆக்குவோரின் நலம் சட்டத்துக்குள் வந்தது என்பதை இவ்வரலாற்றில் மறைத்தல் ஆகாது. சாய வேதியியலின் வெற்றியை மட்டும் பாடும் நூல்கள் இவ்விடத்தில் வாய்மூடிக் கொள்கின்றன.

பிம்ப்ரியின் பெயர்

புணேயின் அணுக்கத்தில் உள்ள பிம்ப்ரியில் இந்துஸ்தான் நுண்ணுயிர்க்கொல்லி நிறுவனம் 1954இல் நிறுவப்பெற்று, அடுத்த ஆண்டு பெனிசிலின் உற்பத்தியைத் தொடங்கியது. உலக நல நிறுவனமும் ஐ.நா. குழந்தைகள் நிதியமும் அதற்கு உதவின. மைசூரைச் சேர்ந்த பூஞ்சையியல் அறிஞர் எம்.ஜே. திருமலாச்சார் அங்கு மண்ணிலிருந்து பிரித்தெடுத்த ஒரு நுண்ணுயிருக்கு ஸ்ட்ரெப்டோமைசிஸ் பிம்ப்ரினா எனப் பெயரிட்டார். அது தந்த பூஞ்சைக்கொல்லி மருந்து ஹமைசின். நிறுவனத்தின் முதலெழுத்துகள் மருந்தின் பெயரிலும், ஊரின் பெயர் உயிரியின் பெயரிலும் நிலைபெற்றன. மண்ணின் நுண்ணுயிரே மருந்தைத் தரும் என்னும் நம்பிக்கை வலுப்பெற்றிருந்த காலம் அது. 1960களில் இத்தாலியர் அவ்வாறே மண்ணிலிருந்து பெற்ற இன்னொரு ஸ்ட்ரெப்டோமைசிஸ் இனம் செந்நிறப் பொருளொன்றை அளித்தது. அதன் வழியாக வந்தவையே டௌனோரூபிசினும் டாக்சோரூபிசினும். குருதிப் புற்றுக்கும் மார்பகப் புற்றுக்கும் இன்றளவும் பயன்படும் மருந்துகள் இவை.

இவற்றின் உள்ளே இருப்பது ஆந்த்ரகுயினோன். சாயவேரின் சிவப்பிலும் அரக்கின் சிவப்பிலும் உள்ள அதே தட்டையான வளைய அமைப்பு, இங்கு நான்காவது வளையத்தோடும் சர்க்கரைக் கூறு ஒன்றோடும் சேர்ந்து நிற்கிறது. அத்தட்டையான பகுதி டி.என்.ஏ. ஏணியின் படிகளுக்கிடையே செருகிக்கொள்கிறது. உயிரணு தன்னைப் படியெடுக்க இயலாது நின்றுவிடுகிறது. சாயவேருக்குப் புற்றை ஆற்றும் ஆற்றல் உண்டு என்று இதற்குப் பொருளன்று. கட்டமைப்பின் ஒரு கூறு ஒன்று என்பதற்கு மேல் எதுவும் சொல்லுதல் கூடாது. நாட்டு மருந்துப் பெருமை பேசும் எழுத்துகள் இவ்வெல்லையைத் தாண்டிவிடுவதுண்டு. வேதியியலாருக்கு அக்கட்டமைப்பு ஒன்றாயிருப்பதன் பயன் வேறு: ஆந்த்ரகுயினோனைக் கையாளத் தெரிந்தவருக்கு இம்மருந்தைத் தொகுக்கும் வழியும் தெரியும். 1970களின் இறுதியில் அமெரிக்காவின் லெடர்லே ஆய்வகத்தார் டாக்சோரூபிசினுக்கு மாற்றாக முழுதும் செயற்கையான மைட்டாக்சான்ட்ரோனை உருவாக்கினர். அது கருநீல நிறமுடையது. அதனை ஏற்ற நோயாளியின் சிறுநீரும் ஓரிரு நாள் நீலப்பச்சையாக இருக்கும். சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ் ஆய்வுத் தலைவராயிருந்த அதே ஆய்வகம் லெடர்லே. அவர் குழு ஆக்கிய அமினாப்டெரின் என்னும் மருந்தைக்கொண்டே பாஸ்டனில் சிட்னி பார்பர் 1948இல் குழந்தைகளின் குருதிப் புற்றை முதன்முதலாகத் தற்காலிகமாகவேனும் அடக்கிக் காட்டினார். லெடர்லேயின் உடைமையாளராகிய சயனமிட் நிறுவனமும் ஒரு பெருஞ் சாய உற்பத்தியாளரே.

புணேயில் இராமராவ் குழுவினர் 1980களின் தொடக்கத்தில் டௌனோமைசின் வகைப் பொருள்களைத் தொகுக்கும் முறைகளைக் கட்டுரைகளாக வெளியிட்டனர். அரக்குச் சாயத்தில் பயின்ற கை அது. வெங்கடராமன் புற்றுநோய் மருந்து எதனையும் ஆக்கியவரல்லர்; ஆக்க முயன்றவர் என்பதற்கும் சான்றில்லை. அவர் விட்டுச்சென்றது திறன்.

சட்டம் திறந்த வழி

திறன் மட்டும் இருந்தால் மருந்து வந்துவிடாது. 1911ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டப்படி, அயல்நாட்டு நிறுவனத்தின் காப்புரிமை பெற்ற மருந்தை இந்தியர் எவ்வழியிலும் ஆக்குதல் இயலாது. அச்சட்டத்தை ஆராயும் பொறுப்பு சென்னை உயர்நீதிமன்ற நீதிபதியாயிருந்த என். இராசகோபால ஐயங்காரிடம் ஒப்படைக்கப்பட்டது. 1959 செப்டம்பரில் அவர் அளித்த அறிக்கை, மருந்துக்கும் உணவுக்கும் வேதிப்பொருளுக்கும் பொருளின்மேல் காப்புரிமை வழங்கலாகாது, ஆக்கும் முறையின்மேல் மட்டுமே வழங்கவேண்டும் எனப் பரிந்துரைத்தது. அவர் கருத்திற் கொண்ட முன்மாதிரிகளுள் ஜெர்மனியின் 1877ஆம் ஆண்டுச் சட்டமும் ஒன்று. அச்சட்டம் முறைக்கு மட்டுமே காப்புரிமை அளித்தமையால், ஒரே சாயத்தைப் பல வழிகளில் ஆக்க ஜெர்மானிய வேதியியலார் போட்டியிட்டனர். அப்போட்டியிலேயே அந்நாட்டுச் சாயத்தொழில் உலகை வென்றது. ஒரு நாட்டின் சாய வரலாறு மற்றொரு நாட்டின் மருந்துச் சட்டமாக மாறியமை, நீதித்துறை வரலாற்றாரும் வேதியியல் வரலாற்றாரும் ஒருங்கிருந்து ஆராயத்தக்க செய்தியாகும்.

பரிந்துரை சட்டமாகப் பதினோராண்டுகள் ஆயின. 1970இல் நிறைவேறிய காப்புரிமைச் சட்டம் 1972 ஏப்ரல் 20ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. அன்றுமுதல் வேற்றுவழி காணவல்ல வேதியியலாளருக்கு மதிப்பு உயர்ந்தது. அத்தகையோரை ஏற்கெனவே பயிற்றி வைத்திருந்த இடங்களுள் புணே ஆய்வகம் முன்நின்றது. மூலப்பொருள் தேவைக்கென மும்பைக்கும் புணேக்கும் இடைப்பட்ட ரசாயனி என்னும் இடத்தில் இந்துஸ்தான் கரிம வேதிப்பொருள் நிறுவனம் 1960இலேயே அரசால் தொடங்கப்பெற்றிருந்தது.

நித்தியகல்யாணி

இம்மரபு நேரடியாகப் புற்றுநோய் மருந்தில் முடிந்த இடம் நித்தியகல்யாணி. தமிழகத்தின் வேலியோரங்களிலும் கோயில் நந்தவனங்களிலும் ஆண்டு முழுதும் பூக்கும் இச்செடிக்குச் சுடுகாட்டு மல்லி என்றும் ஒரு பெயர் உண்டு. மங்கலமும் அமங்கலமும் ஒரே செடியின் பெயரில் அமைந்தது, நீரின்றியும் பராமரிப்பின்றியும் எங்கும் தழைக்கும் அதன் இயல்பால் ஆகலாம். இது இம்மண்ணில் தோன்றியதன்று, மடகாஸ்கரிலிருந்து வந்தது. சங்கப் பாடல்களின் மலர்ப் பட்டியல்களில் இதனைத் தேடுதல் பயனற்றது.

1952இல் ஜமாய்க்காவிலிருந்து கனடாவுக்கு அனுப்பப்பெற்ற இதன் இலைகள் நீரிழிவுக்கு மருந்தாகுமா என்று இராபர்ட் நோபிள், சார்லஸ் பீர் ஆகியோரால் ஆராயப்பட்டன. சர்க்கரை குறையவில்லை, எலிகளின் வெள்ளணுக்கள் குறைந்தன. எதிர்பாராத அக்குறிப்பைப் பின்தொடர்ந்ததன் பயனாக 1958இல் வின்பிளாஸ்டின் அறியப்பட்டது. அமெரிக்காவின் எலி லில்லி நிறுவனத்தார் வின்கிரிஸ்டினைப் பிரித்தெடுத்தனர். அது 1963இல் அந்நாட்டில் ஒப்புதல் பெற்றது. முன்னது ஹாட்ஜ்கின் நோய்க்கும், பின்னது குழந்தைகளின் குருதிப் புற்றுக்கும் கைகொடுத்தன. இந்தியாவிலும் இத்தாவரத்தின் காரப்போலிகள் ஆராயப்பட்டன. கல்கத்தாவில் அசீமா சட்டர்ஜியின் ஆய்வுகள் இவ்வகையில் நினைக்கத்தக்கவை.

இடர் அளவில் இருந்தது. உலர்ந்த இலை ஒரு டன் எடுத்தாலும் அதிலிருந்து பெறத்தக்க வின்கிரிஸ்டின் சில கிராமுக்கு மேற்படாது. எழுபதுக்கும் மேற்பட்ட காரப்போலிகள் அவ்விலையில் கலந்துள்ளன. ஒன்றையொன்று ஒத்த அவற்றிலிருந்து வேண்டியதை மட்டும் தூய்மையாகப் பிரிக்கவேண்டும். இரு மருந்துகளுக்கும் உள்ள வேறுபாடோ மிகச்சிறிது: ஒன்றில் மெத்தில் தொகுதி இருக்குமிடத்தில் மற்றதில் பார்மைல் தொகுதி இருக்கிறது. இலையில் சற்று மிகுதியாயுள்ள வின்பிளாஸ்டினை மிகக் குளிர்ந்த நிலையில் ஆக்சிசனேற்றி வின்கிரிஸ்டினாக மாற்றலாம். வெப்பம் சிறிது பிறழ்ந்தாலும் மூலக்கூறு சிதைந்துவிடும். கட்டமைப்பு அறிவும் கைப்பக்குவமும் கூடிய இவ்வேலையில், தாவர நிறப்பொருள்களைப் பிரித்துப் பழகிய ஆய்வகம் தேர்ச்சியுற்றிருந்தது இயல்பே. 1984இல் சிப்லா நிறுவனம் புணே ஆய்வகத்துடன் இணைந்து இவ்விரு மருந்துகளையும் இந்தியாவில் உருவாக்கியது. இதே நிறுவனம் பின்னர் எட்டோபோசைடு என்னும் புற்றுநோய் மருந்தையும் ஹைதராபாத் இந்திய வேதித் தொழில்நுட்ப நிறுவனத்துடன் கூடி ஆக்கிற்று. அப்போது அந்நிறுவனத்தின் தலைவராயிருந்தவர் 1985இல் புணேயிலிருந்து அங்குச் சென்ற இராமராவ்.

தமிழகத்தின் தென்மாவட்டங்களில், குறிப்பாகத் திருநெல்வேலி, தூத்துக்குடி, இராமநாதபுரம் பகுதிகளின் மானாவாரி நிலங்களில், நித்தியகல்யாணி பயிரிடப்பெற்று இலையும் வேரும் உலர்த்தி விற்கப்பட்டு வந்துள்ளன. ஒரு காலத்தில் இதே கடற்கரையிலிருந்து சாயவேர் சென்றது. பின்னர் நித்தியகல்யாணி சென்றது. இரண்டிலும் விலையை வகுத்தவர் விளைத்தவர் அல்லர்.

உயிரணுவைக் காணுதல்

இம்மருந்து எவ்வாறு வேலை செய்கிறது என்பது வேதியியலைக் கடந்து உயிரணுவியலுக்குள் செல்லும் வினா. உயிரணு இரண்டாகப் பிரியும்போது, நுண்குழல்கள் என்னும் இழைகள் கதிர்போல் அமைந்து குரோமோசோம்களை இருபுறமும் இழுக்கின்றன. டியூபுலின் என்னும் புரதக் கூறுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பெற்று அவ்விழைகள் ஆகின்றன. வின்பிளாஸ்டின் டியூபுலினைப் பற்றிக்கொண்டு அவ்வடுக்கைத் தடுக்கிறது. நெய்யத் தொடங்கிய தறியில் பாவு அறுந்தாற்போல உயிரணு நடுவிலேயே நின்று மடிகிறது. விரைந்து பிரியும் புற்றணுக்களை அது மிகுதியாகத் தாக்குகிறது; விரைந்து பிரியும் நல்லணுக்களையும் தாக்குகிறது. நோயாளியின் வலியும் முடி உதிர்தலும் அதனால் வருவன.

இதே டியூபுலினைப் பற்றும் இன்னொரு பொருள் கால்சிசின். உயிரணுப் பிரிவை இடைநிறுத்திக் குரோமோசோம்களை எண்ணுவதற்கு அறிவியலார் அதனையே நெடுங்காலம் பயன்படுத்தினர். அது செங்காந்தளின் கிழங்கிலும் விதையிலும் உள்ளது. கபிலரின் குறிஞ்சிப்பாட்டு அடுக்கும் மலர்களுள் முதலில் நிற்பது காந்தள். சங்கத்தார் அதன் நிறத்தையும் வடிவையும் கண்டனர். அதன் கிழங்கு நஞ்சு என்பதையும் தமிழ் மருத்துவம் அறிந்திருந்தது. அந்நஞ்சு உயிரணுவுக்குள் எதனைப் பற்றுகிறது என்பதோ 1960களில்தான் அறியவந்தது.

இத்தகைய வினாக்களை இந்தியாவில் ஆராய, ஆய்வகத்தில் வளரும் உயிரணுக்கள் வேண்டும். 1951இல் பால்டிமோரில் ஒரு பெண்ணின் கருப்பைவாய்ப் புற்றிலிருந்து, அவரது இசைவின்றி எடுக்கப்பெற்ற ஹீலா உயிரணுக்கள் உலகெங்கும் பரவின. இந்திய ஆய்வகங்களோ அத்தகைய உயிரணு வரிசைகளை வெளிநாட்டிலிருந்தே பெறவேண்டியிருந்தது. 1986இல் புணேயில் விலங்கு இழை, உயிரணு வளர்ப்புக்கான தேசிய வசதி ஏற்படுத்தப்பெற்றது. அதுவே இன்று கணேஷ்கிண்டில், பல்கலைக்கழக வளாகத்தில் தேசிய உயிரணு அறிவியல் மையமாக விளங்குகிறது. நாட்டின் பிற ஆய்வகங்களுக்கு உயிரணு வரிசைகளைப் பேணி வழங்குவது அதன் முதற்பணி. ஒரு கருவூலம் போன்ற இப்பணி வெளியே தெரிவதில்லை. பாஷாண் சாலையில் மருந்தாக்கும் வழிகளைத் தேடியோரின் பணியும் அவ்வாறே தெரியாமற் போயிற்று.

சென்னையில் ஒரு வழக்கு

உலக வணிக அமைப்பின் உடன்பாட்டையொட்டி 2005இல் இந்தியா மருந்துப் பொருளின்மேல் காப்புரிமையை மீண்டும் ஏற்றது. அதற்குமுன் 1998இலேயே சுவிட்சர்லாந்தின் நோவார்ட்டிஸ் நிறுவனம் தன் குருதிப் புற்று மருந்தாகிய கிளிவெக் தொடர்பாகச் சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் விண்ணப்பம் அளித்திருந்தது. அம்மருந்துக்கு அந்நிறுவனம் பெற்ற விலை மாதம் ஏறத்தாழ 1,20,000 ரூபாய்; இந்திய நிறுவனங்கள் வேறுவழியில் ஆக்கிய அதே மருந்து ஏறத்தாழ 8,000 முதல் 10,000 ரூபாய். அறியப்பட்ட பொருளின் புதுவடிவம், மருத்துவப் பயனில் மேம்பாடு இல்லையெனில் காப்புரிமை பெறாது என்னும் சட்டப்பிரிவின்கீழ் 2006 சனவரியில் விண்ணப்பம் மறுக்கப்பட்டது. அப்பிரிவே செல்லாது என்று தொடுத்த வழக்கைச் சென்னை உயர்நீதிமன்றம் 2007இல் தள்ளுபடி செய்தது. 2013 ஏப்ரல் முதல் நாள் உச்சநீதிமன்றமும் நிறுவனத்தின் மேல்முறையீட்டை ஏற்க மறுத்தது. அத்தீர்ப்பு, சட்டத்தின் நோக்கத்தை விளக்குமிடத்து, ஐயங்காரின் 1959ஆம் ஆண்டு அறிக்கையை எடுத்துக்கொண்டு பல பக்கங்களில் ஆராய்கிறது.